மந்திரத்துக்கு எடை போடுவது எப்படி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் புது மந்திரம் எழுதுவோருக்கு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. எங்கள் மேசையில் விசார்ட், அதாவது மந்திரவாதி, ஆடும் நண்பர் ஒருநாள் ஒரு தாளை நீட்டினார். தானே எழுதிய மந்திரம் என்றார். பெயர் மணற்சுழல். இரண்டாம் நிலை. 120 அடி வரை எட்டும். 20 அடி ஆரத்துக்கு மணல் சுழன்றடிக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு நான்கு ஆறுமுகப் பகடை சேதம், அதோடு ஒரு நிமிடம் கண் தெரியாது. படிக்க அழகாக இருந்தது. நான்தான் டிஎம், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்தும் டன்ஜன் மாஸ்டர். சரி என்று சேர்த்துவிட்டேன்.

அடுத்து வந்த நான்கு சண்டைகளும் ஒரே மாதிரி நடந்தன. முதல் சுற்றில் மணற்சுழல். அதற்கப்புறம் கண் தெரியாமல் தடுமாறுகிறவர்களை ஒவ்வொருவராக வெட்டிச் சாய்ப்பது. நான்காவது சண்டை முடிந்ததும் ஃபைட்டர் ஆடும் தோழி கேட்டார்: "அப்போ நான் எதுக்கு முன்னாடி நிக்கிறேன்?" எதிரிகள் யாரையும் நெருங்க முடியாதபோது, முன்வரிசையில் நின்று மற்றவர்களைக் காப்பது என்ற அவருடைய வேலையே காணாமல் போயிருந்தது.

அந்தக் கேள்வியைத்தான் நான் இன்று வரை அளவுகோலாக வைத்திருக்கிறேன். ஒரு மந்திரத்தை எடை போடும்போது எதிரிக்கு எத்தனை உயிர்ப்புள்ளி போயிற்று என்று பார்ப்பது பாதி வேலை. மேசையில் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு என்ன வேலை மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது மீதிப் பாதி. மணற்சுழலைத் திருத்திய வழியிலேயே உங்களையும் கூட்டிப் போகிறேன்.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

இங்கே சொல்லும் எண்கள் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளின்படி. 2024இல் வந்த திருத்தப் பதிப்பில் மாறியவற்றில் முக்கியமான ஒன்றை அதன் இடத்தில் குறிப்பிடுகிறேன். புத்தகம் வாங்க வசதிப்படாதவர்கள் கவலைப்பட வேண்டாம். சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட் என்ற அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிட்டுவிட்டார்கள். நான் ஒப்பிட எடுத்துக்கொண்ட மந்திரங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.

புதியவர்கள் முதல் வாரத்திலேயே குழம்பும் இடம் ஒன்று உண்டு. கதாபாத்திரத்துக்கும் லெவல், மந்திரத்துக்கும் லெவல். ஐந்தாம் லெவல் விசார்ட் போடக்கூடிய உச்ச மந்திரம் மூன்றாம் லெவல்தான். குழப்பம் வராமலிருக்க இங்கே ஆளுக்கு லெவல், மந்திரத்துக்கு நிலை என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு வரி

மந்திரம் என்ன செய்கிறது என்று ஒரே வரியில், ஒரே வினைச்சொல்லோடு எழுதிப் பாருங்கள். மணற்சுழலுக்கு நாங்கள் எழுதியது: "மணலைக் கிளப்பி எதிரியின் கண்ணை மறைக்கிறது." எழுதியவுடனேயே கோளாறு தெரிந்துவிட்டது. கண்ணை மறைப்பதுதான் வேலை என்றால் நான்கு பகடை சேதம் அங்கே என்ன செய்கிறது? ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கும் மந்திரம் வந்துவிட்டால், ஒரு மாங்காய் மட்டும் அடிக்கும் மந்திரங்களை யாரும் தொட மாட்டார்கள்.

இரண்டு வேலை செய்யும் மந்திரம் இருக்கவே கூடாது என்பதில்லை. ஆனால் எது முதன்மை, எது ஒட்டிக்கொண்டு வருவது என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டு வருவது நிச்சயம் சிறியதாக இருக்க வேண்டும்.

அதே நிலையில் இருக்கும் உறவுகள்

அடுத்து, அதே நிலையில் அதே மாதிரி வேலை செய்யும் மந்திரங்கள் இரண்டு மூன்றைத் தேடிப் பக்கத்தில் வையுங்கள். மணற்சுழலுக்கு நாங்கள் மூன்றை எடுத்தோம்.

இரண்டாம் நிலை ஷேட்டர்: 60 அடி தொலைவு, 10 அடி ஆரம், மூன்று எட்டுமுகப் பகடை சேதம், சேவிங் த்ரோ என்ற தப்பிக்கும் பகடையில் தப்பினால் பாதி. இரண்டாம் நிலை பிளைன்ட்னஸ்: 30 அடி தொலைவு, ஒரே ஒரு ஆள், ஒரு நிமிடம் பார்வை போகும், ஆனால் தன் ஒவ்வொரு முறையின், அதாவது ஆடும் வாய்ப்பின், முடிவிலும் அந்த ஆள் மறுபடி பகடை போட்டு மீளப் பார்க்கலாம். முதல் நிலை ஃபாக் கிளவுட்: 120 அடி தொலைவு, 20 அடி ஆரத்துக்குப் பனிமூட்டம், நண்பன் எதிரி பார்க்காமல் எல்லோருக்கும் பார்வையை மறைக்கும், கான்சன்ட்ரேஷனும், அதாவது போட்டவரின் இடைவிடாத கவனமும், வேண்டும்.

மணற்சுழலின் முதல் வடிவம் ஷேட்டரின் சேதத்தையும் பிளைன்ட்னஸின் விளைவையும் சேர்த்து, ஃபாக் கிளவுடின் பரப்பில் ஊற்றி வைத்திருந்தது. ஆரம் 10 அடியிலிருந்து 20 அடியானால் பரப்பு நான்கு மடங்கு. இத்தனையும் ஒரே ஒரு இரண்டாம் நிலை ஸ்லாட்டுக்கு, அதாவது நாளொன்றுக்கு இத்தனை என்று அளந்து கொடுத்த மந்திர வாய்ப்பில் ஒன்றுக்கு. இந்த ஒப்பீட்டை முதல் நாளே செய்திருந்தால் அந்த நான்கு சண்டைகளும் வேறு மாதிரி போயிருக்கும்.

கணக்கு, கொஞ்சம்தான்

பகடையின் சராசரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நான்குமுகம் 2.5, ஆறுமுகம் 3.5, எட்டுமுகம் 4.5, பத்துமுகம் 5.5. நான்கு ஆறுமுகப் பகடை என்றால் 14. மூன்று எட்டுமுகம் என்றால் 13.5.

அடுத்து, தப்பும் வாய்ப்பு. மந்திரத்திலிருந்து தப்ப எதிரி எட்ட வேண்டிய எண் 8, லெவலோடு ஏறும் புரொஃபிஷியன்ஸி (தேர்ச்சி) எண், மந்திரம் போடுபவரின் திறன் கூட்டெண் மூன்றையும் சேர்த்தது. இன்டெலிஜென்ஸ் 18 உள்ள ஐந்தாம் லெவல் விசார்ட் என்றால் 8, 3, 4 சேர்த்து 15. எதிரியின் கூட்டெண் 2 என்று வைத்தால், இருபதுமுகப் பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் தப்புவான். அதாவது 40 சதவீதம் தப்புவான், 60 சதவீதம் மாட்டுவான். தப்பினால் பாதி சேதம் என்ற மந்திரத்தில் 14 சராசரி உண்மையில் 11.2 ஆகிறது.

எத்தனை பேர் மாட்டுவார்கள்? 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் இதற்கு எளிய வழி சொல்லியிருக்கிறார்கள்: கோள வடிவப் பரப்பின் ஆரத்தை ஐந்தால் வகுத்தால் உத்தேசமாக ஆள் எண்ணிக்கை. 20 அடி என்றால் நான்கு பேர், 10 அடி என்றால் இரண்டு பேர். ஆக மணற்சுழல் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 45 புள்ளி. அதே நிலையின் ஷேட்டர் 21 அல்லது 22. பார்வை போவதைக் கணக்கில் சேர்க்காமலேயே இரு மடங்கு!

அதே புத்தகத்தில் புது மந்திரத்துக்கான சேத அட்டவணையும் உண்டு. பலரைத் தாக்கும் மந்திரத்துக்கு முதல் நிலையில் இரண்டு ஆறுமுகப் பகடை, இரண்டாம் நிலையில் நான்கு, மூன்றாம் நிலையில் ஆறு. ஒரே ஆளைத் தாக்கினால் முதல் நிலையில் இரண்டு பத்துமுகம், இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் ஐந்து. தப்பினால் பாதி சேதம் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. தப்பினால் சேதமே இல்லை என்றால் கால் பங்கு கூட்டிக்கொள்ளலாம். மணற்சுழலின் நான்கு பகடையே இரண்டாம் நிலைக்கு உரிய முழுச் சம்பளம். பார்வை பறிப்பது மேல்வருமானமாக வந்துகொண்டிருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. புதியவர்கள் எல்லோரும் ஃபயர்பாலை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். வேண்டாம். அது மூன்றாம் நிலை. 20 அடி ஆரம். எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. அட்டவணை மூன்றாம் நிலைக்குக் கொடுப்பதோ ஆறு பகடை, 21 தான். மூன்றில் ஒரு பங்கு கூடுதல். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட முதல் விதிப்புத்தகங்களிலிருந்தே ஃபயர்பால் இந்த ஆட்டத்தின் அடையாளம். அதற்குத் தனி மரியாதை உண்டு, இருக்கட்டும். அதைப் பார்த்து நீங்கள் எழுதும் எல்லா மந்திரமும் அட்டவணையைத் தாண்டினால், மூன்றே மாதத்தில் வாள் பிடித்தவர்களுக்கு வேலை இருக்காது.

பறிபோகும் முறைகள்

சேதக் கணக்கு சுலபம். எதிரியின் முறையைப் பறிக்கும் மந்திரங்களில்தான் டிஎம்கள் சறுக்குகிறார்கள், ஏனென்றால் அங்கே எண் கண்ணுக்குத் தெரிவதில்லை. உறைய வைப்பது, தூங்க வைப்பது, கண்ணைக் கட்டுவது எல்லாம் இந்த வகை.

பார்வை போனால் என்ன ஆகும்? அவனை அடிப்பவர்களுக்கு அட்வான்டேஜ் (பகடையை இரண்டு தடவை போட்டுப் பெரிய எண்ணை எடுப்பது), அவன் அடித்தால் டிஸ்அட்வான்டேஜ் (சிறிய எண்ணை எடுப்பது). பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கும் அடி, அட்வான்டேஜில் 75 சதவீதமாக ஏறும், டிஸ்அட்வான்டேஜில் 25 ஆக இறங்கும். "நீ பார்க்கக்கூடிய ஒருவரை" என்று தொடங்கும் மந்திரங்களை அவனால் போடவும் முடியாது. எதிரணி மந்திரவாதிக்கு இது கிட்டத்தட்ட வாயைக் கட்டிய மாதிரி.

இந்தத் துன்பம் எத்தனை முறை நீடிக்கிறது என்பதைக் கணக்கிடுங்கள். மேலே சொன்ன 60, 40 வாய்ப்பையே எடுப்போம். மீளப் பகடை போட வழியில்லாத மந்திரம் என்றால், மாட்டியவன் ஒரு நிமிடம், அதாவது பத்து சுற்று, குருடன். எங்கள் சண்டைகள் மூன்று நான்கு சுற்றில் முடிந்துவிடும். ஆகவே அவனைப் பொறுத்தவரை சண்டை அந்த ஒரே வீச்சில் முடிந்தது. ஒவ்வொரு முறையின் முடிவிலும் மீள வழி கொடுத்தால், மாட்டியவன் சராசரியாக 2.5 முறை இழப்பான். மாட்டும் வாய்ப்பு 60 சதவீதம் என்பதால் மந்திரத்தின் உண்மையான எடை ஓர் ஆளுக்கு 1.5 முறை. "முறையின் முடிவில் மறுபடி பகடை போடலாம்" என்ற ஒரு வரி எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்று பாருங்கள். ஆளை உறைய வைக்கும் ஹோல்ட் பெர்சன் மந்திரத்திலும் அந்த வரி இருப்பது இதற்காகத்தான்.

என்ன விலை?

ஸ்லாட் ஒரு விலை. ஐந்தாம் லெவல் விசார்டுக்கு ஒரு நாளைக்கு முதல் நிலை நான்கு, இரண்டாம் நிலை மூன்று, மூன்றாம் நிலை இரண்டு. உங்கள் ஆட்டத்தில் ஒரு நாளைக்கு ஒரே சண்டைதான் என்றால் இந்த விலைக்கு அர்த்தமே இல்லை. மொத்தத்தையும் அங்கேயே கொட்டிவிடுவார்கள். 2014 விதிகள் ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு நடுத்தர அல்லது கடினமான மோதல்கள் என்று எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை. மந்திரம் அதீதமாகத் தெரிகிறது என்று என்னிடம் சொல்லும் டிஎம்களிடம் நான் முதலில் கேட்பது ஒரு நாளைக்கு எத்தனை சண்டை வைக்கிறீர்கள் என்றுதான்.

பொருள் இன்னொரு விலை. இறந்தவரை ஒரு நிமிடத்துக்குள் எழுப்பும் ரிவிவிஃபை மந்திரம் 300 பொற்காசு மதிப்புள்ள வைரத்தைத் தின்றுவிடும். வைரம் எங்கே கிடைக்கும் என்பது டிஎம் கையில் இருப்பதால் இது உறுதியான கடிவாளம். பழைய அட்வான்ஸ்டு பதிப்பில் வேகம் கூட்டும் ஹேஸ்ட் மந்திரம் பட்டவருக்கு ஒரு வயது கூடிவிடும். படிக்கப் பயமாக இருக்கும், நூற்றுக்கணக்கான ஆண்டு வாழும் எல்ஃபுக்கோ அது தூசு. கதை முடிந்த பிறகு வந்து சேரும் விலையை எந்த ஆட்டக்காரரும் விலையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே மேசையில் இன்றைக்கே உறைக்கிற விலையைத் தேடுங்கள்.

அப்படிப்பட்ட விலைகளில் எனக்கு மிகப் பிடித்தது கான்சன்ட்ரேஷன். இத்தகைய மந்திரம் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பிடித்து வைக்க முடியும். இடையில் அடி பட்டால் கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) பகடை போட வேண்டும். எட்ட வேண்டியது 10, அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, எது பெரியதோ அது. 30 புள்ளி அடி என்றால் 15. தவறினால் மந்திரம் கலைந்துவிடும். இதனால் மந்திரம் போட்டவர் பாதுகாக்கப்பட வேண்டியவர் ஆகிறார். முன்வரிசைக்கு வேலை பிறக்கிறது. 2024 பதிப்பில் ஸ்பிரிச்சுவல் வெப்பன் மந்திரத்துக்கும் கான்சன்ட்ரேஷன் சேர்த்தார்கள். அச்சில் வந்த மந்திரத்தையே பத்து ஆண்டு கழித்துத் திருத்துகிறார்கள். உங்கள் வீட்டு மந்திரத்தைத் திருத்த நீங்கள் தயங்க வேண்டாம்.

யாருடைய வேலையைத் தொடுகிறது?

நாக் என்ற இரண்டாம் நிலை மந்திரத்தைப் பாருங்கள். பூட்டைத் திறந்துவிடும். பகடை கிடையாது, தோல்வி கிடையாது. பூட்டுத் திறப்பதையே பெருமையாக வைத்திருக்கும் ரோக்குக்கு இதைவிட அநியாயம் உண்டா? ஆனால் எழுதியவர்கள் ஒரு வரி சேர்த்தார்கள்: மந்திரம் போட்டதும் 300 அடி தூரம் கேட்கும்படி பலத்த தட்டல் சத்தம் எழும். அந்த ஒரு வரியில் ரோக்குக்கு அவருடைய நாற்காலி திரும்பக் கிடைத்துவிட்டது. அமைதியாகத் திறக்க வேண்டுமா, அவரைக் கூப்பிடுங்கள். அவசரமாகத் திறந்தே ஆக வேண்டுமா, யார் காதில் விழுந்தாலும் பரவாயில்லையா, விசார்டைக் கூப்பிடுங்கள். இரண்டு பேருக்கும் வேறு வேறு நேரம்.

நான் படித்த மந்திரங்களில் இவ்வளவு சிறிய வரி இவ்வளவு நியாயம் செய்வதை வேறெங்கும் கண்டதில்லை. உங்கள் மந்திரம் குழுவில் வேறு யாருடைய திறமையைத் தொடுகிறது என்று கேளுங்கள். தொட்டால், அவர் இன்னும் சிறப்பாகச் செய்யும் ஒரு சந்தர்ப்பத்தை மந்திரத்தின் வாசகத்துக்குள்ளேயே விட்டு வையுங்கள். விசார்டுக்குக் காயம் ஆற்றும் மந்திரம் கொடுக்காமல் வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். அது குணப்படுத்தும் பூசாரியான கிளெரிக்கின் இடம்.

சண்டை இல்லாத நேரத்தில்

கேன்ட்ரிப் என்பது ஸ்லாட் கேட்காத மந்திரம், எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். ஒரே ஒரு உயிர்ப்புள்ளியைத் திருப்பித் தரும் கேன்ட்ரிப் எழுதினால் என்ன கெட்டுவிடும் என்று ஒருவர் கேட்டார். ஒரு சுற்று ஆறு விநாடி. நிமிடத்துக்குப் பத்துப் புள்ளி, மணிக்கு 600. குழு முழுவதும் ஒவ்வொரு சண்டைக்கும் புதுசாகக் குளித்துவிட்டு வந்த மாதிரி வந்து நிற்கும். அதனால்தான் கேன்ட்ரிப்பில் குணப்படுத்துதல் கூடாது என்று விதிப்புத்தகமே சொல்கிறது.

குட்பெர்ரி முதல் நிலைதான். பத்துப் பழம் தரும், ஒவ்வொன்றும் ஓர் ஆளுக்கு ஒரு நாள் உணவு. பாலைவனத்தைக் கடக்கும் கதையை நீங்கள் மாதக்கணக்கில் திட்டமிட்டிருந்தால் பசி என்ற கவலை அந்தப் பழத்தோடு முடிந்தது. தவறில்லை, ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பறப்பது, பொய்யைக் கண்டுபிடிப்பது, தூரத்துக்குத் தாவுவது போன்ற மந்திரம் எழுதும்போது, உங்கள் கதையில் எந்தக் கதவை அது நிரந்தரமாகத் திறந்து போடுகிறது என்று யோசியுங்கள்.

வாசகமும் வெள்ளோட்டமும்

தொலைவு, பரப்பு, எவ்வளவு நேரம், எந்தப் பகடை, தப்பினால் என்ன, எப்போது முடியும். இந்த ஆறும் எழுத்தில் இருக்க வேண்டும். "எதிரிகள்" என்று எழுதுகிறீர்களா, "பரப்புக்குள் இருக்கும் எல்லோரும்" என்று எழுதுகிறீர்களா என்பதிலேயே ஒரு நிலை வித்தியாசம் வந்துவிடும். நண்பனும் மாட்டுவான் என்றால் எங்கே போடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கும், அந்த யோசனை ஆட்டத்துக்கு நல்லது.

எழுதியதை நேராகக் கதாபாத்திரத் தாளில் ஏற்றாதீர்கள். ஒரே தடவை பயன்படும் சுருளாகக் குழுவுக்குக் கிடைக்கச் செய்யுங்கள். பிடிக்காவிட்டால் சுருளோடு போயிற்று. இன்னொரு நல்ல வழி, எதிரணி மந்திரவாதி அதை உங்கள் குழுவின் மேல் போடட்டும். தன் மேல் விழும்போது மந்திரத்தின் எடை எல்லோருக்கும் புரிந்துவிடும். அதற்கப்புறம் மூன்று அமர்வு தற்காலிகமாக வைத்துப் பார்ப்போம், மாற்றினால் வேறு மந்திரம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆட்டக்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள். எழுதிய மந்திரத்தைப் பாதியில் பிடுங்கினால் மனம் நோகும், அதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று அமர்விலும் எண்ண வேண்டியது ஒன்றுதான்: எத்தனை சண்டையில் முதல் செயலாக அது வந்தது? எப்போதும் அதுவே என்றால் கனம் அதிகம். ஒரு தடவைகூட வரவில்லை என்றால் சோளக்கொல்லை பொம்மை, கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள்.

மணற்சுழல் கடைசியில் இப்படி நின்றது: இரண்டாம் நிலை, 60 அடி தொலைவு, 10 அடி ஆரம், உள்ளே இருக்கும் எல்லோரும் கான்ஸ்டிடியூஷன் பகடை போட வேண்டும், தவறினால் பார்வை போகும், ஒவ்வொரு முறையின் முடிவிலும் மீளலாம், கான்சன்ட்ரேஷன் ஒரு நிமிடம் வரை. சேதம் இல்லை. மேல் நிலை ஸ்லாட்டில் போட்டால் நிலைக்கு 5 அடி ஆரம் கூடும். கணக்குப்படி இரண்டு பேர், ஆளுக்கு 1.5 முறை, மொத்தம் மூன்று முறை. பிளைன்ட்னஸைவிட இரு மடங்கு, அதற்கு ஈடாகக் கான்சன்ட்ரேஷனும் நண்பர்கள் மாட்டும் ஆபத்தும்.

எழுதியவர் முதலில் முகம் வாடினார். புது வடிவத்தின் இரண்டாவது சண்டையில், ஒரு குறுகலான வாசலில் மணலைக் கிளப்பி மூன்று காவலர்களைப் பிடித்தார். நான்காவது ஆள் மணலுக்கு வெளியே நின்றிருந்தான். விசார்டை ஒரு அடி அடித்தால் மணல் இறங்கிவிடும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது, வாளோடு ஓடி வந்தான். ஃபைட்டர் ஆடும் தோழி நாற்காலி நுனிக்கு வந்து, யாரும் கேட்காமலேயே சொன்னார்: "நான் நடுவுல நிக்கிறேன்."